சாமுண்டி அக்காவும் இரண்டு பவர் சப்ளையும்

மண்ணூர்பேட்டையில் சாமுண்டீஸ்வரியை முகம் பார்த்துத் தெரிந்தவர்கள் ஒரு தெருவுக்குள் அடங்கிவிடுவார்கள். குரலைக் கேட்டுத் தெரிந்தவர்களை எண்ண உட்கார்ந்தால் நமக்கு வேறு வேலை ஓடாது. அம்பத்தூரில் ஆரம்பித்துக் குமணன்சாவடி வரைக்கும் காலையில் எந்தத் தெருவில் நின்று காதைக் கொடுத்தாலும் அவள்தான். வெங்காய வண்டியில் அவள், பூ வண்டியில் அவள், மீன், இளநீர், கோலமாவு, பழைய பேப்பர் எல்லாவற்றிலும் அவளேதான். "வெங்காயம்மா வெங்காயோம்! சாம்பாருக்குச் சின்னது, சண்டைக்குப் பெருசு! ஓடியா தாயி, வண்டி போவுது!" என்று ஒலிபெருக்கி கத்தும்போது, பல் தேய்த்துக்கொண்டிருக்கிறவர்கள்கூட நுரையோடு சிரித்துவிடுவார்கள்.

இதெல்லாம் திட்டம் போட்டு வந்ததல்ல. அவள் புருஷன் திருவேங்கடம் லோடு ஆட்டோவில் வெங்காயம் விற்கிறவர். ஆள் வாட்டசாட்டம், மீசை அதைவிட வாட்டசாட்டம். குரல் மட்டும் கொசு. தெருமுனையில் நின்று அவர் கூவினால் தெருமுனைக்கே கேட்காது. ஒருநாள் அந்தக் கொசுவும் தொண்டை கட்டிப் படுத்துவிட்டது. சாமுண்டி அவருடைய செல்போனைப் பிடுங்கி, நாலு வார்த்தை கூவிப் பதிவு பண்ணிக் கொடுத்தாள். அன்றைக்கு மதியத்துக்குள் மூட்டை காலி. மறுநாள் மீன்காரர் வந்து நின்றார். அதற்கடுத்து பூக்காரம்மா. கூவிக் கொடுத்ததற்குக் கைம்மாறாக மீன் வரும், பூ வரும், இளநீர் வரும். வெங்காயம் வீட்டிலேயே இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்?

அவள் பதிவு செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொள்வாள். கையில் மைக். அப்போதுதான் எதிரொலி வராதாம். யார் சொன்னார்கள் என்று கேட்டால், "யாரு சொல்லணும்? பொடவைங்கதான் சொல்லிச்சு" என்பாள். பீரோவுக்குள்ளிருந்து "மத்தீ... மத்தீ... சங்கரா!" என்று சத்தம் வரும். வெளியே பாதி சாமுண்டிதான் தெரியும். விருந்தாளி யாராவது அந்த நேரத்தில் வந்தால் திருவேங்கடம் வாசலிலேயே நிறுத்தி விளக்கம் சொல்லி உள்ளே அனுப்புவார்.

ஒரு திங்கட்கிழமை மைதிலி போன் செய்தாள். அம்பத்தூர் எஸ்டேட், அதாவது தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற பஸ் நடத்துகிறவள். அவளுக்குப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. ஷிப்ட் முடிந்து ஏறுகிறவர்கள் உட்கார்ந்த அடுத்த நிமிஷம் தூங்கிவிடுகிறார்கள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விடுகிறது. கண் விழித்ததும் டிரைவரோடு சண்டை. அதனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் அறிவிப்புப் போடலாம் என்று யோசித்திருந்தாள்.

"உங்க பேர நிறைய பேர் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை சாயங்கால ட்ரிப்புல போட்டுப் பார்ப்போம். நல்லா இருந்தா எல்லா பஸ்ஸுக்கும் நீங்கதான்" என்றாள் மைதிலி. "ஆனா டீசன்ட்டா இருக்கணும். ஏர்போர்ட்ல சொல்வாங்களே, அந்த மாதிரி. வெங்காய வண்டி மாதிரி இருந்துடக் கூடாது, சரியா?"

சரி என்றுதான் சாமுண்டி சொன்னாள். போனை வைத்த பிறகு அந்தக் கடைசி வார்த்தை மீன் முள் மாதிரி சிக்கிக்கொண்டது. அவள் எங்கே வாயைத் திறந்தாலும் இதே கதைதான். ரேஷன் கடையில் பேசினால், "நீங்க வெங்காய வண்டி அக்காவா?" ஆஸ்பத்திரியில் டோக்கன் கேட்டால், "கிலோ இன்னாக்கா இன்னிக்கு?" அதனாலேயே வெளியே போகும்போது பக்கத்தில் புருஷன் வண்டி வந்தால், "யோவ், அந்த சவுண்ட கொறைய்யா" என்று பல்லைக் கடிப்பாள். வாழ்க்கையில் ஒரே ஒருதரமாவது தன் குரலைக் கேட்டுவிட்டு யாரும் வெங்காயத்தை நினைக்கக் கூடாது. அதுதான் அவளுக்கு வேண்டியது. அந்த பஸ் அதற்குக் கிடைத்த வாய்ப்பு.

போனில் பதிவு செய்தால் தெரு நாயும் சேர்ந்து பதிவாகும். அதனால்தான் போன வாரம் அம்பத்தூரில் சுலைமான் கடையில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்திருந்தாள். சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, மைக்கைச் செருகியாயிற்று. பீரோவுக்குள் தலையை விட்டு, மூச்சைப் பிடித்து, வாயைக் குவித்துக்கொண்டு சொன்னாள்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அடுத்த நிறுத்தம், அம்பத்தூர் ஓ.டி."

அவளுக்கே புல்லரித்தது. முன்னால் ஒரு டிங் டாங் சேர்த்தாள். எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சேமிக்கப் பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டர் விசிறி 'உய்ய்ய்' என்று இரைந்தது. அப்புறம் பொட்டென்று அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நின்றது. பதிவைக் காணோம்.

மறுபடி சொன்னாள். மறுபடி சேமித்தாள். மறுபடி பொட்.

சும்மா இருக்கும் வரைக்கும் அது சமர்த்து. பாட்டுப் போட்டால் பாடும், படம் காட்டினால் காட்டும். சேமிக்கிற வேலையைக் கொடுத்தால் மட்டும் படுத்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் கனிவான கவனத்தைக் கேட்டுக் கேட்டு நாக்கு தள்ளிப் போயிற்று.

"கண்ணு பட்டுக்கிச்சுமே" என்றார் திருவேங்கடம்.

"யாரு கண்ணுய்யா? இத உன்னத் தவிர யாரு பாத்தா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, சுலைமானுக்குப் போன் போட்டாள். சுலைமான் அப்போது ஒரு கல்யாணத்தில் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். பின்னால் பேண்டு வாத்தியம் முழங்கியது.

"ஆன் ஆவுதாக்கா?"

"ஆவுது!"

"வேல குடுத்தா பொட்டுனு பூடுதா?"

"ஆமாண்டா நைனா!"

"அப்ப பவர் சப்ளை ப்ராப்ளம்தான். ஒன்னும் பயப்படாத. மாத்திட்டா சரியாயிடும்!" என்று கத்திவிட்டு அவன் பிரியாணியைக் கவனிக்கப் போய்விட்டான்.

பவர் சப்ளை என்றால் என்ன? மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிறதே, அதுதான். ராத்திரியானால் அந்தத் தெருவில் ட்யூப் லைட் கண் சிமிட்டும். மிக்ஸி போட்டால் விசிறி சோர்ந்துபோகும். "நான் நெனச்சேன்! நம்ம தெரு கரண்ட்டுதான் இத்தினி நாளா நம்மளப் பழி வாங்குது" என்று புதன்கிழமை விடிந்ததும் கொண்டையை இறுக்கிக்கொண்டு கிளம்பினாள். தெருப் பெண்கள் நாலு பேர் என்ன ஏது என்று கேட்டுவிட்டு அவர்களும் கூடவே கிளம்பினார்கள்.

கரண்ட் ஆபீஸில் அவள் குரலை உயர்த்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்தச் சாதாரணத்துக்கே கடைசி மேஜை வரைக்கும் எழுந்து நின்றுவிட்டது. ஒயர்மேன் பாண்டியன் டீ டம்ளரோடு ஓடி வந்தார்.

"இன்னாக்கா, வெங்காய வண்டி சவுண்டு கேட்டுச்சேன்னு வந்தேன். நீதானா அது?"

"வெங்காயத்த வுடுப்பா. எங்க தெரு பவர் சப்ளைய மாத்திக் குடு!"

பாண்டியன் நல்ல மனுஷன். அன்றைக்கே வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்தார். வேப்பமரக் கிளை ஒன்று உரசி உரசி ஒயரைத் தேய்த்திருந்தது. "நீ சொன்னதுதான் சரிக்கா. இது என்னிக்கோ மாத்த வேண்டியது. மேல சொல்லி, கெளயயும் வெட்டி, ஒயரயும் மாத்திடறோம். வெள்ளிக்கெழம பண்ணிக்கலாம். இப்போதிக்கு இறுக்கிவுட்டுட்டுப் போறேன்" என்றார். அவர் இறுக்கிவிட்டுப் போனதும் தெருவே பளிச்சென்று ஆயிற்று. எதிர்வீட்டு ட்யூப் லைட் கண் சிமிட்டுவதை நிறுத்தியது. தெருவுக்குச் சாமுண்டி தெய்வமாகிவிட்டாள். ஒரு வீட்டிலிருந்து பாயசம் வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து பணியாரம் வந்தது.

பாயசத்தைக் குடித்துவிட்டுப் பீரோவுக்குள் தலையை விட்டாள். கனிவான கவனம். டிங் டாங். சேமி.

பொட்.

வியாழக்கிழமை பாண்டியன் மீட்டரோடு வந்து பிளக்கில் வைத்துப் பார்த்தார். "ஊட்டுக்கு வர்ற கரண்ட்டு ராஜா மாதிரி வருதுக்கா. இதுக்கு மேல கொற சொன்னா அந்தக் கரண்ட்டுக்கே கோவம் வந்துடும். நாளைக்கு வேற புது ஒயர் போடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 'நாளைக்கு' அவள் காதில் விழவே இல்லை. அவள் சுலைமானுக்குப் போன் போட்டுக் குமுறிக்கொண்டிருந்தாள்.

"டேய், தெருவுக்கே பவர் சப்ளைய சரி பண்ணிட்டேன். ஒம் பொட்டி மட்டும் படுத்துக்கினே கீது!"

அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"தெருவுக்கா?" என்றான் சுலைமான். "அக்கா... இன்னாக்கா பண்ணி வெச்சிகீற? பவர் சப்ளைன்னா பொட்டிக்குள்ள கீற ஒரு சின்னப் பொட்டிக்கா! கடையில நாங்க எஸ்எம்பிஎஸ்னுதான் சொல்லுவோம். ஒனக்குப் புரியட்டும்னு ஈசியா சொன்னேன்."

"நீ ஈசியா சொன்னதுலதாண்டா எனக்குப் பாயசம் வந்துச்சு" என்றாள் சாமுண்டி. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைசியில் சிரிப்புதான் ஜெயித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் கம்ப்யூட்டரை உட்கார வைத்து, திருவேங்கடம் ஆட்டோவை அம்பத்தூருக்கு விட்டார். அவள் மைக்கையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். சுலைமான் பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்து செங்கல் அளவு ஒரு டப்பாவைக் கழற்றினான். மூக்கருகில் வைத்தான். லேசாகக் கருகிய வாசனை. "இதான் ஆளு. தெரு கரண்ட்ட வாங்கி, கம்ப்யூட்டருக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ அளந்து குடுக்கிற ஆளு. புதுசுலயே நோஞ்சானா வந்துட்டான். சும்மா உக்காந்தா நல்லா இருப்பான். மூட்டையத் தூக்குன்னா படுத்துடுவான்."

சாமுண்டி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாத்துக்குமே என்னப் பாக்கற?" என்றார் திருவேங்கடம்.

வேறு நல்ல டப்பாவை மாட்டிவிட்டுச் சுலைமான் சொன்னான்: "ஊட்டுல இன்னா பண்ணா படுத்துச்சோ, அதயே இங்க பண்ணுக்கா. சும்மா ஒரு வார்த்த பத்தாது. எல்லா ஸ்டாப்பும் சொல்லு. நல்லா வேல குடுத்துப் பாப்போம்."

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் வாயைக் குவித்துக் கனிவான கவனம் கேட்க அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்ல பதிவை வீட்டில் பீரோவுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மைக்கைப் பிடித்து, தெருக் குரலிலேயே விளையாட்டாக அவிழ்த்துவிட்டாள்:

"ஓ.டி. வந்தாச்சும்மா ஓ.டி.! எழுந்துரு எழுந்துரு! பைய எடு, டிபன் பாக்ஸ எடு, தோள்ல தூங்கறவர எழுப்பிவுடு! திருமுல்லைவாயல் தாயி, மெதுவா எறங்கு! ஆவடி... ஆவடி... ஆவடீ! வாய மூடிக்கினு கண்ணத் தொற கண்ணு! பருத்திப்பட்டு தூங்குமூஞ்சி, இன்னிக்கும் வுட்டுடாத, ஒன் ஸ்டாப்புதான்! பூந்தமல்லி வந்துச்சுப்பா! குமணன்சாவடி, கடைசி ஸ்டாப்பு, இதுக்கு மேல தூங்குனா பஸ்ஸோட ஷெட்டுதான்!"

கடை முழுக்கச் சிரிப்பு. டிங் டாங் சேர்த்தாள். சேமிக்க அழுத்தினாள். விசிறி 'உய்ய்ய்' என்றது. சுலைமான் கையைக் கட்டிக்கொண்டான், திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டார். விசிறி அடங்கியது. கம்ப்யூட்டர் அணையவில்லை. சேமித்தாயிற்று என்று திரையில் வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சுலைமான் அதையும் சோதனைக்காக ஸ்டாப்பு ஸ்டாப்பாக வெட்டி, ஒரு பென் டிரைவில் ஏற்றி ஓடவிட்டுப் பார்த்து, பென் டிரைவை அவள் கையிலேயே கொடுத்தான்.

வீட்டுக்குப் பறந்தார்கள். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பீரோவைத் திறந்தாள், பிளக்கைச் செருகினாள், சுவிட்சைப் போட்டாள்.

ஒன்றும் இல்லை.

விசிறியைப் போட்டாள். அதுவும் இல்லை. வாசலுக்கு ஓடினாள். தெருமுனையில் ஏணி, கயிறு, ஒயர்ச் சுருள், கம்பத்து மேலே பாண்டியன். கீழே வேப்பங்கிளையை மிஷின் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். தெருவே வெளியில் வந்து திருவிழா பார்த்தது.

"அக்கா!" என்று மேலேயிருந்து சந்தோஷமாகக் கை ஆட்டினார் பாண்டியன். "நீ கேட்ட பவர் சப்ளை! இருட்டறதுக்குள்ள குடுத்துடுவோம்!"

சாமுண்டி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தானே போய், தானே சண்டை போட்டு, தானே வாங்கி வந்த மின்தடை. யாரைத் திட்டுவது? செல்போனை எடுத்துப் பீரோவுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். "பயணிகளின் கனிவான" என்றால், "ஏய் இழு! இன்னும் இழு!" என்று தெரு பதில் சொன்னது. மரம் அறுக்கிற மிஷின் புடவைகளையெல்லாம் தாண்டிக்கொண்டு வந்தது.

"அந்தப் பென் டிரைவுல கீதுல்லமே? அதயே குடேன்" என்றார் திருவேங்கடம் தயங்கித் தயங்கி.

"அதுவா? தூங்குமூஞ்சின்னு சொல்லிகீறேன்யா அதுல! வெங்காய வண்டியேதான் அது!" என்றாள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் வெறுங்கையோடு போவது அதைவிடக் கேவலம். பென் டிரைவை எடுத்துக்கொண்டு, நடந்ததை மைதிலியிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள்.

போய்ச் சேர்ந்தபோது எஸ்டேட் வாசலில் பஸ் கிளம்பி உறுமிக்கொண்டிருந்தது. "வாங்க வாங்க, உங்களுக்குத்தான் வெயிட்டிங்" என்று மைதிலி அவளைப் பஸ்ஸில் ஏற்றி, பென் டிரைவை வாங்கி டிரைவரிடம் நீட்டினாள். "மேடம், அது வந்து..." என்று இவள் ஆரம்பிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. சாமுண்டி கடைசி சீட்டில் போய் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பின்னாலேயே திருவேங்கடம் ஆட்டோவில் வந்தார். இவளைத் திரும்ப அழைத்துப் போக வேண்டுமே.

இரண்டு தெரு தாண்டுவதற்குள் பஸ்ஸே தூங்கிவிட்டது. ஒருவர் தலை ஜன்னலில், ஒருவர் தலை அடுத்தவர் தோளில். டிரைவர் பொத்தானை அழுத்தினார்.

"டிங் டாங். ஓ.டி. வந்தாச்சும்மா ஓ.டி.! எழுந்துரு எழுந்துரு!"

முன் சீட்டில் மைதிலி விருட்டென்று திரும்பினாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் சாமுண்டி குனிந்துகொண்டாள். ஆனால் பஸ்ஸில் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. டிபன் பாக்ஸைத் தேடினார்கள். தோளில் தூங்கினவரைத் தட்டி எழுப்பினார்கள். யாரோ சிரித்தார்கள். திருமுல்லைவாயலில் இன்னும் சில பேர் விழித்துக்கொண்டார்கள். ஆவடியில் "கண்ணத் தொற கண்ணு" என்றதும் ஒரு பெரியவர், "தொறந்துட்டேன் தாயி!" என்று பதில் சொல்லி இறங்கினார்.

நடு சீட்டில் பவித்ரா என்று ஒரு பெண். சின்ன வயசு. நின்றுகொண்டு செய்கிற வேலை. பருத்திப்பட்டில் இறங்க வேண்டியவள், தினமும் குமணன்சாவடி வரை தூங்கிக்கொண்டே போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்புவாள். அவள் மட்டும் இன்னும் அசையவில்லை.

"பருத்திப்பட்டு தூங்குமூஞ்சி! இன்னிக்கும் வுட்டுடாத, ஒன் ஸ்டாப்புதான்!"

பவித்ரா கண்ணைத் திறக்காமலே கத்தினாள்: "ம்மா! வெங்காய வண்டி வந்துடுச்சு, ரெண்டு கிலோ வாங்கி வெய்யி!"

பஸ் சிரிப்பில் குலுங்கிப்போயிற்று. அவள் திடுக்கிட்டு எழுந்து சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரோ கடைசி சீட்டைக் கை காட்டினார்கள். பவித்ரா நேராக வந்து முந்தானையை விலக்கிப் பார்த்தாள்.

"அக்கா, நீயா? தெனம் காலைல என்ன எழுப்பறது நீதானா?" சாமுண்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அலாரம் வெச்சாலும் எழுந்துக்க மாட்டேன்க்கா. ஒன் சவுண்டு கேட்டாதான் எழுந்துப்பேன். நான் என் ஸ்டாப்புலயே எறங்கறது இதான் மொத தபா!" என்று சொல்லிவிட்டு, படியிலிருந்து திரும்பித் திரும்பிக் கை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனாள்.

சாமுண்டி ஜன்னல் வழியாக அவளுக்குக் கை ஆட்டினாள். இத்தனை வருஷமாக வெங்காயம் விற்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். ஓர் ஊரையே எழுப்பிவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

குமணன்சாவடியில் எல்லோரும் இறங்கினார்கள். ஷெட்டுக்குத் தூங்கிக்கொண்டு போக ஒருவர்கூட மிச்சமில்லை. மைதிலி எதிரில் வந்து நின்றாள்.

"ஏர்போர்ட் மாதிரி கேட்டேனே, அது எங்கே?"

"அது கரண்ட்டோட பூடுச்சு மேடம்."

"போனது போகட்டும். அதைப் போட்டிருந்தா இவங்க இன்னும் நல்லா தூங்கியிருப்பாங்க" என்றாள் மைதிலி. சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. "எல்லா பஸ்ஸுக்கும் இதேதான். அந்தத் தூங்குமூஞ்சியை மட்டும் எடுத்துடலாமா?"

"அது இருந்துட்டுப் போவட்டும் மேடம்!" என்று டிரைவரும் இறங்கினவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்துத் திருவேங்கடத்தின் ஆட்டோ பின்னால் வந்து நின்றது. பஸ்ஸைச் சுற்றி இத்தனை ஜனத்தைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார். "வெங்காயம்மா வெங்காயோம்!" போட்ட பிறகுதான் பெண்டாட்டி நிற்பதைப் பார்த்தார். அவசர அவசரமாகக் குறைக்கப் போனார்.

"யோவ்!" என்றாள் சாமுண்டி. முந்தானை தலையிலிருந்து தோளுக்கு வந்திருந்தது. "கைய எடுய்யா அதுலேந்து. சவுண்ட ஏத்து!"